வலையமைப்பு இயக்குநர் மாநாடு: பங்கேற்பும் பாதுகாப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தகைய மாநாட்டிற்கு வருபவர்கள் யார்?

இணையச் சேவை நிறுவனங்கள், தரவு மையங்கள், இணையப் பரிமாற்று மையங்கள், பல்கலைக்கழக வலையமைப்புகள், உள்ளடக்க விநியோக நிறுவனங்கள் ஆகியவற்றில் போக்குவரத்தை வழிநடத்தும் ரவுட்டர்களையும், தளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்களையும் அன்றாடம் இயக்குகிற பொறியாளர்களே பெரும்பான்மையாக வருகிறார்கள். ஐரோப்பாவில் 1989இல் தொடங்கிய ரைப், வட அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய நானாக், ஆசிய பசிபிக் பகுதிக்கென 1996இல் தொடங்கிய ஆப்ரிகாட், தெற்காசியாவுக்கென 2003இல் தொடங்கிய சானாக் என ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படி ஒரு கூட்டம் நடந்துவருகிறது. இணையத்திற்குத் தலைமை அலுவலகம் கிடையாது. தனித்தனி நிர்வாகத்தின் கீழுள்ள பல்லாயிரம் வலையமைப்புகள் ஒன்று சொல்லும் வழியை மற்றொன்று நம்பி ஏற்றுக்கொள்வதால்தான் அது இயங்குகிறது. அந்த நம்பிக்கையைப் பேணும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே இம்மாநாடுகள் பிறந்ததற்கான காரணம்.

எங்களுடையது சிறிய நிறுவனம். உரைகளின் காணொளிகள் பின்னர் வெளியாகும்போது, நேரில் வருவதால் எங்கள் வலையமைப்பின் பாதுகாப்பு எந்த வகையில் மேம்படும்?

இந்தக் கேள்விக்கு நீண்ட விடை தேவைப்படுகிறது, ஏனெனில் பயணச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு பொறியாளரும் தம் மேலாளரிடம் இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூப் தளத்தைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபுக்குச் சொந்தமான 208.65.152.0/22 என்ற முகவரித் தொகுதிக்குள் அடங்கிய 208.65.153.0/24 என்ற சிறு தொகுதியைத் தன்னுடையதாக அறிவித்தது. நாட்டுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பை, அதற்கு மேல்நிலை இணைப்பு வழங்கிய பிசிசிடபிள்யூ எவ்வித வடிகட்டலும் இன்றி உலகெங்கும் பரப்பியது. வலையமைப்புகள் தம் வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கப் பயன்படுத்தும் பிஜிபி நெறிமுறையில் குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை என்பதால், உலகின் பெரும்பகுதியிலிருந்து யூடியூபுக்குச் சென்ற போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. யூடியூப் அதே அளவுத் தொகுதியையும், பிறகு அதைவிடக் குறுகிய தொகுதிகளையும் அறிவித்து எதிர்கொண்டது. ஆனால் தவறான அறிவிப்பு முற்றிலும் நீங்கியது, மேல்நிலை வழங்குநர் அதைத் திரும்பப் பெற்ற பிறகுதான். தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன்பே, 1997 ஏப்ரல் 25 அன்று, 7007 என்ற தன்னாட்சி எண்ணை (வலையமைப்புகளை அடையாளப்படுத்தும் எண்) கொண்ட ஒரு சிறிய வலையமைப்பு, இணையத்தின் வழிகளில் பெரும்பங்கைத் தன்னுடையவை போலச் சிறுசிறு தொகுதிகளாக அறிவித்துப் பரவலான முடக்கத்தை உண்டாக்கியிருந்தது.

இரண்டு நிகழ்வுகளிலும் பாதிக்கப்பட்டவர் தம் சொந்த ரவுட்டரில் என்ன செய்தாலும் சிக்கல் முழுமையாகத் தீராது. வேறொரு நிறுவனத்தில் பணியிலிருக்கும் ஒருவர் ஒரு வடிகட்டியை இட வேண்டும், அல்லது ஓர் இணைப்பை நிறுத்த வேண்டும். நள்ளிரவில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் காத்திருப்பதற்கும், சென்ற மாநாட்டில் உடன் அமர்ந்து பேசிய பொறியாளரை நேரடியாக அழைப்பதற்கும் இடையிலான நேர வேறுபாடுதான் நேரில் வருவதன் பயன். முகவரித் தொகுதியை அறிவிக்க யாருக்கு உரிமை உண்டு என்பதைக் கையொப்பத்தோடு நிறுவும் ஆர்பிகேஐ கட்டமைப்பு 2012இல் ஆர்எஃப்சி எனும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையின் 6480ஆம் ஆவணம் வழியாக வெளியானது. இன்று பெரிய வலையமைப்புகள் பல அதைச் சரிபார்த்துத் தவறான அறிவிப்புகளை நிராகரிக்கின்றன. ஆனால் அந்தச் சரிபார்ப்பு அறிவிப்பின் தொடக்கப் புள்ளியை மட்டுமே பார்க்கிறது. தொடக்கப் புள்ளி சரியாக இருந்து, வழி மட்டும் செல்லக்கூடாத இடம் வழியாகக் கசிந்தால் அது கண்டுகொள்ளாது. அத்தகைய கசிவுகளின்போது இன்றும் முதலில் உதவுவது அறிமுகம்தான். சிறிய நிறுவனங்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் பெரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களின் வலிமை இருக்கிறது; சிறியவர்களுக்கு அறிமுகத்தைத் தவிர வேறு துணை அதிகமில்லை.

நேரில் வர இயலாதவர்கள் என்ன செய்யலாம்?

பெரும்பாலான மாநாடுகள் உரைகளை நேரலையில் ஒளிபரப்புகின்றன. தொலைவிலிருந்து பதிவு செய்தவர்கள் கேள்வியும் கேட்கலாம். பதிவு செய்து, தம் பெயரோடு கேள்வி கேட்பது நல்லது; முகம் தெரியாவிட்டாலும் பெயர் நினைவில் நிற்கும். பின்னர் மின்னஞ்சலில் தொடர்பு கொள்ளும்போது அது உதவுகிறது.

பொறியாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மாநாட்டிற்கு வந்துவிடலாமா?

கூடாது. மாநாட்டின் தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே வெளியாகின்றன. உரையாளர்களின் பெயரும் நிறுவனமும் நிகழ்ச்சி நிரலில் இருக்கின்றன. ஆகவே எந்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர்கள் எந்த வாரத்தில் வெளியூரில் இருப்பார்கள் என்பது தீங்கு நினைப்பவருக்கும் தெரியும். முழு அதிகாரமும் முழு அறிவும் கொண்ட ஒருவராவது ஊரில் இருக்க வேண்டும். தரவு மையத்தின் கதவைத் திறக்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் புறப்படும் முன் பார்த்துவிட வேண்டும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் வழக்கமான பராமரிப்புப் பணியில் இடப்பட்ட ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது; அதைத் தொடர்ந்து அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்கான வழிகள் இணையத்திலிருந்து மறைந்தன. பழுது பார்க்கப் பயன்பட்டிருக்க வேண்டிய உட்கருவிகளும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்ததால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் சென்று கருவிகளைத் தொட வேண்டியதாயிற்று. சேவைகள் மீள ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு ஆள்பலம் கொண்ட நிறுவனத்திற்கே நேரில் சென்று சேர்வது அத்தனை கடினமாக இருந்தது என்றால், பொறியாளர்கள் அனைவரும் வேறொரு நாட்டின் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் சிறு நிறுவனத்தின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மாநாட்டு வாரத்தில் அவசரமற்ற உள்ளமைவு மாற்றங்களை நிறுத்தி வைப்பதும் நல்ல வழக்கம்.

பதிவு செய்யும்போது தரும் விவரங்கள் எங்கே செல்கின்றன? வருகையாளர் பட்டியலில் என் பெயர் வெளியாக வேண்டுமா?

பல மாநாடுகள் வருகையாளரின் பெயர், நிறுவனம், சில இடங்களில் தன்னாட்சி எண் ஆகியவற்றைப் பட்டியலாக வெளியிடுகின்றன. பியரிங் எனும், வலையமைப்புகளுக்கிடையிலான நேரடி இணைப்பு தொடர்பாகப் பேச விரும்புபவர்கள் ஒருவரையொருவர் முன்கூட்டியே தேடிக் கண்டுகொள்ள இது உண்மையிலேயே பயன்படுகிறது. அதே பட்டியல், எந்த நிறுவனத்தின் ரவுட்டர்களுக்கான அணுகல் யாரிடம் இருக்கிறது என்பதைத் தேடுபவருக்கும் பயன்படும். ஆகவே பெயர் வெளியாவது பதிவு செய்பவரின் வெளிப்படையான ஒப்புதலின் பேரில்தான் இருக்க வேண்டும் என்பதும், ஒப்புதல் தராதவரின் பெயர் தானாகவே மறைந்திருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. கடவுச்சீட்டு எண் போன்றவை விசாவுக்கான அழைப்புக் கடிதம் கேட்பவர்களிடம் மட்டும், அதற்கென்றே பெறப்பட்டு, வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். பதிவுப் படிவத்தில் தேவையற்ற விவரம் கேட்கப்பட்டால், அது ஏன் தேவை என்று ஏற்பாட்டாளரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெயரை வெளியிடலாமா வேண்டாமா என்பதில் எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. பியரிங் ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் பெயர் எப்படியும் பொதுவெளியில் இருப்பதே. அவர் பட்டியலில் இடம்பெறுவதால் புதிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லை. முறைகேடுகளையும் தாக்குதல்களையும் விசாரிக்கும் பணியில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு.

வருகையாளர் பட்டியலை விற்பதாகவும், விடுதி அறையை உறுதி செய்யச் சொல்லியும் மின்னஞ்சல்கள் வருகின்றன. அவை உண்மையானவையா?

அநேகமாக இல்லை. மாநாட்டின் பெயரையும் தேதியையும் சரியாகக் குறிப்பிட்டு, "உங்கள் அறை ஒதுக்கீடு முடியப்போகிறது, உடனே அட்டை விவரங்களை உறுதி செய்யுங்கள்" என்று எழுதும் மோசடிக்காரர்கள் எல்லாத் துறை மாநாடுகளையும் சுற்றி வருகிறார்கள். தொலைபேசியிலும் அழைக்கிறார்கள். பட்டியலை விற்பதாகச் சொல்பவரிடம் பெரும்பாலும் அப்படியொரு பட்டியலே இருப்பதில்லை. வந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், மாநாட்டின் அதிகாரப்பூர்வ முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்குள்ள விடுதிப் பக்கத்தின் வழியாக மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது, உரையாளர்களுக்கு வரும் மின்னஞ்சல்கள். "உங்கள் படவில்லைகளின் திருத்தப்பட்ட வடிவம் இணைக்கப்பட்டுள்ளது" என்று நிகழ்ச்சிக் குழுவின் பெயரில் வரும் கோப்பைத் திறப்பதற்கு முன், குழுவில் தெரிந்த ஒருவரிடம் வேறொரு வழியில் உறுதி செய்துகொள்வது அவசியம்.

அடையாள அட்டை குறித்து ஏதேனும் கவனிக்க வேண்டியது உண்டா?

மண்டபத்தை விட்டு வெளியேறும்போது கழற்றிவிடுங்கள். உங்கள் பெயரையும் நிறுவனத்தையும் தெருவில் செல்பவர் அறிய வேண்டியதில்லை. அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டில் சில மாநாடுகளில் உங்கள் மின்னஞ்சல் முகவரி நேரடியாகவே பொதிந்திருக்கும். அதை உங்கள் கைபேசியிலேயே படித்துப் பாருங்கள், அட்டையைப் படமெடுத்துப் பகிர்வதற்கு முன் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். படமெடுக்கப்படுவதை விரும்பாதவர்களுக்குத் தனி நிறக் கழுத்துப்பட்டி தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த நிறத்தை அணிந்தவர் பின்னணியில் இருந்தாலும் படத்தை வெளியிடாமல் இருப்பது மற்ற அனைவரின் கடமை.

மாநாட்டு வைஃபையை நம்பலாமா? அதை அமைப்பவர்கள் இத்துறையின் வல்லுநர்கள் ஆயிற்றே?

அமைப்பவர்கள் வல்லுநர்கள் என்பது உண்மை. ஆயினும் மாநாட்டு வலையமைப்பைத் திறந்த இணையமாகவே கருதி நடந்துகொள்ள வேண்டும். அது அலுவலக வலையமைப்பும் அன்று, வீட்டு வலையமைப்பும் அன்று.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இயக்குநர் மாநாடுகளின் வலையமைப்பு பெரும்பாலும் வேண்டுமென்றே வடிகட்டல் இன்றி அமைக்கப்படுகிறது. முகவரி மாற்றம் இல்லாத, நேரடியான பொது ஐபி முகவரிகள் தரப்படுகின்றன. உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் பல மாநாடுகளில் இருப்பதில்லை. வலையமைப்பை இயக்குபவர்களுக்குத் தம் கருவிகள் அனைத்தும் தடையின்றி வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம், அது நியாயமான நோக்கமும் கூட. ஆனால் வீட்டு ரவுட்டரின் பின்னால் இத்தனை நாளும் மறைந்திருந்த உங்கள் மடிக்கணினி, இங்கே உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் நேரடியாக அணுகத்தக்கதாகிறது. சோதனைக்காக நிறுவி மறந்துபோன தரவுத்தள சர்வர், கடவுச்சொல் இல்லாத கோப்புப் பகிர்வு ஆகியவை முதல் நாள் காலையிலேயே யாரோ ஒருவரின் தானியங்கித் தேடலில் சிக்கக்கூடும். மடிக்கணினியின் சொந்த ஃபயர்வாலை இயக்கி வையுங்கள். எந்தெந்தப் போர்ட்டுகள் (இணைப்பு வாயில்கள்) வெளியே திறந்திருக்கின்றன என்று புறப்படும் முன்பே பாருங்கள். ஐபிவி6 எனும் புதிய வகை முகவரியிலும் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வைஃபை கடவுச்சொல் மண்டபச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் குறியாக்கத்தால் என்ன பயன்?

எந்த வகைக் குறியாக்கம் என்பதைப் பொறுத்தது. டபிள்யூபிஏ2 எனும் வைஃபை பாதுகாப்பு முறையில் எல்லோருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் இருந்தால், அதை அறிந்த எவரும், உங்கள் கருவி வைஃபை தரும் அக்சஸ் பாயிண்டோடு இணையும் தொடக்க உரையாடலைக் காற்றிலிருந்து பிடித்துவிட்டால், அதன் பின் நீங்கள் அனுப்பும் அனைத்தையும் வைஃபை அளவில் படிக்க முடியும். டபிள்யூபிஏ3 இந்தக் குறையைச் சரிசெய்கிறது; கடவுச்சொல்லை அறிந்திருப்பதால் மட்டும் இன்னொருவரின் போக்குவரத்தை ஒட்டுக்கேட்டுப் படிக்க இயலாது. எனினும் கடவுச்சொல்லை அறிந்தவர் அதே பெயரில் போலி அக்சஸ் பாயிண்ட் ஒன்றை வைக்கலாம். அதைக் கடவுச்சொல்லால் தடுக்க முடியாது.

ஆகையால்தான் மாநாடுகள் 802.1எக்ஸ் முறையை விரும்புகின்றன. இதில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் குறியாக்க விசை உருவாகிறது. எல்லோரும் ஒரே பயனர் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் இட்டாலும் விசைகள் வேறு வேறாகவே இருக்கும். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் தன் கூட்டங்களில் இப்படிப் பொதுவான பயனர் பெயரை அறிவித்தே இம்முறையைப் பயன்படுத்திவருகிறது. இதன் வலிமை முழுவதும் ஒரே ஓர் இடத்தில் தங்கியிருக்கிறது: முதன்முறை இணையும்போது சர்வரின் சான்றிதழை உங்கள் கருவி சரிபார்க்க வேண்டும். மாநாட்டின் உதவிப் பக்கத்தில் சான்றிதழின் பெயரும், அதை அடையாளம் காட்டும் கைரேகை எண்ணும் வெளியிடப்பட்டிருக்கும். அதை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே குறித்துக்கொண்டு, மண்டபத்தில் கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால், இந்த முறையின் பயனையே கைவிட்டதாகும்.

பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. உங்கள் கருவியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான எடுரோம் வைஃபை அமைப்பு சான்றிதழ்ச் சரிபார்ப்பு இன்றி நிறுவப்பட்டிருந்தால், அந்தப் பெயரில் யாரேனும் போலி அக்சஸ் பாயிண்ட் வைக்கும்போது, கருவி உங்களைக் கேட்காமலேயே உங்கள் பல்கலைக்கழகக் கணக்கின் விவரங்களை அதனிடம் நீட்டிவிடும். அந்த விவரங்கள் உங்கள் சொந்தக் கணக்கினுடையவை. பொதுக் கடவுச்சொல்லைப் போல அனைவருக்கும் தெரிந்தவை அல்ல.

ஐபிவி6 மட்டும் உள்ள வைஃபையில் என் விபிஎன் வேலை செய்யவில்லை. ஏன்?

பல மாநாடுகள் இப்போது முதன்மை வலையமைப்பையே ஐபிவி6 மட்டும் கொண்டதாக அமைத்து, பழைய ஐபிவி4 தளங்களுக்கு நாட்64, டிஎன்எஸ்64 என்ற மொழிபெயர்ப்பு முறைகளின் வழியாக இணைப்பு தருகின்றன. இன்னும் சில, 2020இல் வெளியான ஆர்எஃப்சி 8925 வகுத்த முறையில், ஐபிவி4 தேவையில்லை என்று தெரிவிக்கும் கருவிகளுக்கு மட்டும் அதைத் தராமல் விடுகின்றன. போக்குவரத்தைக் குறியாக்கம் செய்து அனுப்பும் உங்கள் விபிஎன் அமைப்பில் சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபிவி4 முகவரி எண்ணாகவே எழுதப்பட்டிருந்தால், டிஎன்எஸ் மொழிபெயர்ப்புக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே இணைப்பு கிடைப்பதில்லை. பெயரை எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் உதவி மேசைக்கு வாருங்கள். அது வலையமைப்புக் குழுவுக்கும் பயனுள்ள தகவல். எந்த மென்பொருள் எங்கே தடுமாறுகிறது என்பதை நேரில் காண்பதற்காகவே இத்தகைய வலையமைப்பு இயக்கப்படுகிறது.

இணைப்பு கிடைக்காததைவிட ஆபத்தானது, கிடைத்தது போலத் தோன்றுவது. சில பழைய விபிஎன் மென்பொருள்கள் ஐபிவி4 போக்குவரத்தை மட்டுமே குறியாக்கச் சுரங்கத்திற்குள் அனுப்பும். இருவகை முகவரிகளும் உள்ள வலையமைப்பில் அவற்றைப் பயன்படுத்தினால், ஐபிவி6 வழியாகச் செல்பவை அனைத்தும் பாதுகாப்பின்றி வெளியே செல்லும், திரையிலோ விபிஎன் இயங்குவதாகவே காட்டும். 2014இல் வெளியான ஆர்எஃப்சி 7359 இந்தக் கசிவை விரிவாக விளக்குகிறது.

வேறொருவரின் மடிக்கணினி வலையமைப்பைக் கெடுக்க முடியுமா?

முடியும், அதுவும் எந்தத் தீய நோக்கமும் இல்லாமலேயே. ஐபிவி6இல் ரவுட்டர் தன்னை அறிவிக்கும் செய்தியை எந்தக் கருவி வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். இணைய இணைப்பைப் பகிரும் வசதி தவறுதலாக இயக்கத்தில் இருந்த கணினிகள் இப்படித் தம்மை ரவுட்டராக அறிவித்துக்கொண்டு மற்றவர்களின் போக்குவரத்தை ஈர்த்தது ஒரு காலத்தில் மாநாடுகளில் அடிக்கடி நேர்ந்தது. 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6104 இந்தச் சிக்கலையும், 6105 அதைச் சுவிட்சிலேயே தடுக்கும் காவல் முறையையும் விவரிக்கின்றன. தரவுப் பாக்கெட்டைத் துண்டுகளாக்கி இக்காவலைத் தாண்ட முடியும் என்பது பின்னர் தெரியவந்து, 2014இல் ஆர்எஃப்சி 7113 அதற்கான திருத்தத்தைச் சொன்னது. கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபி சர்வர் போல நடிக்கும் போலிகளுக்கும் இதே போன்ற தடுப்பு உண்டு. வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாமல் தனிமைப்படுத்தும் அமைப்பும் சேர்ந்தால் பெரும்பாலான விபத்துகள் தவிர்க்கப்படுகின்றன. உங்கள் கருவியின் இணைப்புப் பகிர்வு வசதியை அணைத்துவைப்பது நீங்கள் செய்ய வேண்டிய பங்கு.

வலையமைப்புக் குழு எங்கள் போக்குவரத்தைப் பார்க்கிறதா?

பாக்கெட்டுகளின் உள்ளடக்கத்தைப் பார்க்கக் கூடாது. பார்ப்பதற்குத் தேவையும் இல்லை. எந்த முகவரி எந்த நேரத்தில் எந்தக் கருவிக்குத் தரப்பட்டது, ஒவ்வொரு அக்சஸ் பாயிண்டிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், மொத்தப் போக்குவரத்தின் அளவு என்ன என்பவை இயக்கத்திற்குத் தேவையானவை. வெளியிலிருந்து முறைகேட்டுப் புகார் வரும்போது சம்பந்தப்பட்ட கருவியைத் தேடிக் கண்டறியவும் முகவரிப் பதிவுகள் வேண்டும். இவை எவை, எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்பதை மாநாடு தொடங்கும் முன்பே எழுத்தில் வெளியிட வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பு இல்லையென்றால் கேளுங்கள்.

டிஎன்எஸ் வினவல்கள் தனியாகக் கருதப்பட வேண்டியவை. ஒருவர் எந்தெந்தப் பெயர்களைத் தேடினார் என்பது அவர் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவியை இயக்குகிறார் என்பதையே காட்டிக்கொடுக்கும். ஆகவே அவற்றைத் தனிநபரோடு பொருத்தத்தக்க வகையில் சேமிக்கவே கூடாது. வினவல்களைக் குறியாக்கத்தோடு அனுப்புவதற்கென 2016இல் டிஎல்எஸ் வழி டிஎன்எஸ்ஸும், 2018இல் ஹெச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ்ஸும் வரையறுக்கப்பட்டுள்ளன. மாநாட்டு டிஎன்எஸ் சர்வரில் அவற்றுக்கு ஆதரவு இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். கைபேசிகள் தம் வைஃபை அடையாள எண்ணைத் தற்போக்காக மாற்றிக்கொள்வதையும் அணைக்கத் தேவையில்லை. குழு அதற்கேற்பத்தான் முகவரிகளைத் திட்டமிட வேண்டும்.

மாநாட்டு வலையமைப்பை ஸ்கேன் செய்து பார்க்கலாமா? ஒட்டுக்கேட்டுக் கிடைத்த கடவுச்சொற்களை விழிப்புணர்வுக்காகக் காட்டலாமா?

இரண்டும் கூடாது. ஒப்புதல் தராத ஒருவரின் கருவியைத் துழாவுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமாகலாம். மேலும், கடவுச்சொல் வெளிப்பட்டவர் அவமானப்பட்டு அடுத்த மாநாட்டிற்கு வராமல் போனால், நெருக்கடியில் அழைக்கத்தக்க ஒருவரை நாம் அனைவரும் இழக்கிறோம். பலவீனம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டால், குழுவிடம் அமைதியாகச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் அவர்கள் தனியே பேசுவார்கள்.

மண்டபத்தில் அமர்ந்தபடியே நிறுவனத்தின் ரவுட்டர்களில் பணி செய்யலாமா?

தேவை ஏற்பட்டால் செய்யலாம். நேரடியாக ரவுட்டரில் நுழையாமல், இடைநிலைச் சர்வர் ஒன்றின் வழியாக, எஸ்எஸ்ஹெச் எனும் பாதுகாப்பான தொலை நுழைவுக்கான விசையும் வன்பொருள் அடையாளக் கருவியும் கொண்டு நுழைவதே முறை. சர்வரின் விசை மாறியிருப்பதாக எச்சரிக்கை தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள்; அலுவலகத்தில் வழக்கமாகச் செய்வது போலப் பழைய வரியை நீக்கிவிட்டுத் தொடராதீர்கள். கைபேசித் தரவு வழியாக மீண்டும் முயன்று, அங்கே எச்சரிக்கை வராவிட்டால், நடந்ததை உடனே குழுவிடம் தெரிவியுங்கள்.

பெரும்பாலான தகவல் கசிவு வலையமைப்பின் வழியாக அன்றி, பின்வரிசையில் அமர்ந்திருப்பவரின் கண் வழியாகவே நிகழ்கிறது. திரையைப் பக்கவாட்டில் மறைக்கும் படலம் ஒன்று இருந்தால் நல்லது. உள்ளமைவைத் திறக்க வேண்டுமென்றால் அறைக்குச் சென்றுவிடுவது இன்னும் நல்லது.

மாநாட்டு வைஃபையில் என் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. யாரேனும் ஊடுருவிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. மாநாட்டு முகவரித் தொகுதி ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒவ்வொரு நாட்டிற்குப் பயணம் செய்கிறது. முகவரியின் இருப்பிடத்தைச் சொல்லும் தரவுத்தளங்கள் சென்ற கூட்டம் நடந்த நாட்டையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் வங்கிக்கு நீங்கள் திடீரென வேறொரு கண்டத்திலிருந்து நுழைவது போலத் தெரிகிறது. இருப்பிட விவரத்தை வலையமைப்பே வெளியிடும் முறையை 2020இல் ஆர்எஃப்சி 8805 வகுத்தது; குழு அதைப் புதுப்பித்தாலும் எல்லாத் தரவுத்தளங்களும் உடனே ஏற்பதில்லை. அந்த முகவரித் தொகுதிக்கு ஆர்பிகேஐ ஆவணமும் அதை அறிவிக்கும் தன்னாட்சி எண்ணுக்கேற்பச் சரியாக இருக்க வேண்டும் என்பது குழுவின் பணிப்பட்டியலில் முதலிடத்தில் இருக்க வேண்டியது. மாநாட்டின் சொந்த அறிவிப்பே செல்லாததாக நிராகரிக்கப்பட்டால் மண்டபமே இருளில் மூழ்கும்.

என் உரையில் உண்மையான உள்ளமைவுகளைக் காட்டலாமா?

உண்மை அனுபவம் இல்லாத உரை யாருக்கும் பயன்படாது, ஆகவே காட்டுங்கள்; ஆனால் தூய்மைப்படுத்திக் காட்டுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கென்றே 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஆகிய தொகுதிகளும், 64496 முதல் 64511 வரையிலான தன்னாட்சி எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. பிஜிபி அண்டை ரவுட்டர்களுக்கான கடவுச்சொல், கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி முறையின் ரகசியச் சொல் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். சிஸ்கோ ரவுட்டர்களில் வகை 7 என்று குறிக்கப்பட்ட கடவுச்சொல் குறியாக்கம் போலத் தோன்றினாலும் நொடியில் மீட்கத்தக்கது. அதைப் படவில்லையில் விட்டுவைப்பது கடவுச்சொல்லையே எழுதிக்காட்டுவதற்குச் சமம். கறுப்புப் பட்டையால் மறைத்த எழுத்து, கோப்பின் உள்ளே நகலெடுக்கத்தக்க நிலையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இடைவேளைகளில் கேட்பதை அலுவலகத்தில் சொல்லலாமா?

சொன்னவர் எந்த நிபந்தனையில் சொன்னார் என்பதைப் பொறுத்தது. மூடிய அமர்வுகள் பலவற்றில் சாத்தம் ஹவுஸ் விதி கடைப்பிடிக்கப்படுகிறது: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த நிறுவனம் என்பதை வெளியிடக் கூடாது. பாதுகாப்புக் குழுக்கள் டிஎல்பி எனும் நிற அடையாள முறையைப் பின்பற்றுகின்றன. சிவப்பு என்று அறிவிக்கப்பட்டது அந்த அறையை விட்டுச் செல்லக் கூடாது, பச்சை என்பதைத் துறைக்குள் பகிரலாம். எதுவும் அறிவிக்கப்படாத தனிப்பேச்சில், பகிரலாமா என்று அவரையே கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டுச் சொல்பவரிடம்தான் அடுத்த முறையும் மனம் திறந்து பேசுவார்கள்.

மாநாடு முடிந்த பின் செய்ய வேண்டியவை உண்டா?

மாநாட்டு வைஃபையின் பெயரைக் கருவிகளிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையெனில் அதே பெயரில் எங்கேனும் எழும் போலி வலையமைப்போடு கருவி தானாகவே இணைந்துவிடலாம். பயணத்திற்கென உருவாக்கிய விசைகளையும் தற்காலிக அனுமதிகளையும் ரத்து செய்யுங்கள். இலவசமாகக் கிடைத்த யுஎஸ்பி நினைவகத்தைப் பணிக் கணினியில் செருகாதீர்கள்.

பிறகு, சந்தித்தவர்களின் தொடர்பு விவரங்களைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காமல், நள்ளிரவில் பணியிலிருக்கும் சக ஊழியருக்கும் எட்டும் இடத்தில், அவர்களின் ஒப்புதலோடு பதிந்து வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் விவரங்கள் வலையமைப்புகளின் விவரங்களைத் தொகுக்கும் பியரிங்டிபி தளத்திலும் வட்டார முகவரிப் பதிவகத்திலும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ரவுட்டிங் பாதுகாப்புக்கான மேனர்ஸ் முயற்சி, வழி வடிகட்டலுக்கும் போலி முகவரித் தடுப்புக்கும் இணையாக இதையும் ஒரு கடமையாக வைத்திருக்கிறது. அங்கே எழுதியுள்ள அவசரத் தொலைபேசி எண்ணை அலுவலகத்திற்கு வெளியிலிருந்து, ஒரு விடுமுறை நாளின் இரவில், நீங்களே அழைத்து, யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.